முதலில் தகரம், அப்புறம்தான் எஞ்சின்: பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்குப் பதில்கள்

போன இதழில் என்னுடைய 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 பற்றி அரைப் பக்கம்தான் எழுதினேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், நம் ஆட்களில் இத்தனை பேர் இந்தக் காரை வீட்டு கராஜில் வைத்துப் பாதுகாக்கிறார்களா என்று மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா காட்டிய இரண்டு இருக்கைக் கார் இது. துணிக் கூரை, பின்சக்கர டிரைவ், 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, தேவைப்படும்போது மட்டும் எழும்பி நிற்கும் முன்விளக்குகள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதை மியாட்டா என்பார்கள். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்ற கார்களும் பழையதாகவே பிரிட்டனுக்கு நிறைய வந்திருக்கின்றன. 1997 வரை வந்த இந்த முதல் தலைமுறை பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள், அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

ஒரு 1992 கார் பார்த்து வைத்திருக்கிறேன் அண்ணா. பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, எஞ்சின் சத்தமே இல்லை. வேறு என்ன பார்க்க வேண்டும்?
ஹாரோ வாசகர்

தம்பி, நீங்கள் பார்த்த இரண்டும் கடைசியாகப் பார்க்க வேண்டியவை. இந்தக் காரின் எஞ்சின் ஒழுங்காக ஆயில் மாற்றினால் மூன்று லட்சம் கிலோமீட்டர்கூட ஓடும், அப்படியே போனாலும் வேறு எஞ்சின் கிடைக்கும். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிறதே அந்தப் பெட்டித் தகரம், அது போனால்தான் கார் போச்சு, ஏனென்றால் தலைக்கு மேல் இரும்புக் கூரை இல்லாத காரில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பதில் பெரிய பங்கு அதற்குத்தான்.

பார்க்கப் போகும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கர வளைவுக்குச் சற்று முன்னால், கதவடித் தகரம் முடியும் இடத்தில் அதை ஒட்டிப் பாருங்கள். கதவில் பிடிக்கிற மாதிரியே இங்கேயும் பிடிக்க வேண்டும். வழுக்கிக் கீழே விழுந்தால் அங்கே இருப்பது பட்டியும் பெயின்டும், தகரம் இல்லை. நான் என் காரை வாங்கியபோது இந்தச் சோதனையைச் செய்யவில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது, ஒரு பட்டறையின் பில்லும் கூடவே இருந்தது, "இரண்டு பக்கமும் வெல்டிங் முடிந்தது" என்று அதில் எழுதியிருந்தது, நம்பிவிட்டேன். அடுத்த குளிர்காலத்தில் இடது பக்கம் பெயின்ட் கொப்புளம் போல உப்பியது. ஸ்க்ரூடிரைவர் நுனியை மெதுவாக வைத்து அழுத்தினேன், பிஸ்கட்டில் குத்துவது போல உள்ளே போய்விட்டது. நோண்டி எடுத்தால் விரல் தடிமனுக்குப் பட்டி, அதற்குப் பின்னால் அலுமினியக் கம்பி வலை, அதற்கும் பின்னால் ஈரமான பழுப்புத் தூள். வெல்டிங் செய்த அடையாளமே இல்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, ஏனென்றால் இது வெறும் பணத்து விஷயம் இல்லை, சீட் பெல்ட் பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தகரம் அது.

அப்புறம், வண்டி எண்ணை வைத்து பிரிட்டன் அரசாங்க இணையதளத்தில் பழைய எம்ஓடி சோதனை, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று வருடா வருடம் பார்க்கும் சோதனை, முடிவுகள் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கலாம். தேர்ச்சியா தோல்வியா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், கீழே எழுதும் எச்சரிக்கைக் குறிப்புகளைப் படியுங்கள். நாலு வருடம் தொடர்ந்து "கதவடியில் துரு" என்று எழுதி வந்து, ஐந்தாம் வருடம் அந்த வரி காணாமல் போயிருந்தால், யார் வெல்டிங் செய்தார்கள், வேலை நடக்கும்போது எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையாகச் செய்தவர் படம் எடுத்து வைத்திருப்பார். சஸ்பென்ஷன், சீட் பெல்ட் மாட்டும் இடங்களிலிருந்து 30 செமீக்குள் தகரத்தின் பலம் குறையும்படி துரு பிடித்திருந்தால் எம்ஓடி கிடைக்காது. அங்கே சுற்றிலும் முழுசாக வெல்டிங் ஓட்ட வேண்டும், பட்டி போட்டு மூடுவது வேலைக்காகாது.

இதே பணத்துக்கு அடுத்த தலைமுறைக் காரும், அதாவது 1998 முதல் 2005 வரை வந்தது, பார்க்கலாம் என்றால் அதில் முன்பக்கச் சட்டத்தைப் பாருங்கள். இரண்டு அடுக்குத் தகரம், நடுவில் தண்ணீர் தங்கி உள்ளேயே அரித்துவிடும், வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும்.

புதுக் கூரை போட்டும் மழை பெய்தால் சீட்டுக்குப் பின்னால் கம்பளம் நனைகிறது. கூரை போட்டவர் தன் வேலையில் குறையில்லை என்கிறார்.
லெஸ்டர் வாசகி

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். துணிக் கூரையின் பின் ஓரத்தில் வழியும் தண்ணீர் வெளியே நேராக விழுவதில்லை, உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வாய்க்காலில் சேர்ந்து, சீட்டுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள துவாரம் வழியாகக் குழாயில் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் காருக்கு அடியில் வெளியேறும். முப்பது வருட இலை, தூசி, கூரைத் துணியின் நூல் எல்லாம் அந்தக் குழாயில்தான் போய்ச் சேரும்.

கூரையைப் பாதி மடித்துவிட்டு, டார்ச் அடித்து அந்த மூலையில் பாருங்கள். பெரிய நாணயம் அளவுக்கு ஒரு துவாரம் தெரியும். ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் காருக்கு அடியில் பாருங்கள், சரசரவென்று கொட்ட வேண்டும். கொட்டாமல் சொட்டினால் அடைப்பு. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கிழிந்தால் தண்ணீர் நேராகக் கதவடிப் பெட்டிக்குள் போய்விடும், அதைவிட அடைத்தே கிடக்கலாம். புல் வெட்டும் இயந்திரத்தில் சுற்றும் நைலான் நரம்பு இருக்கிறதல்லவா, அதன் நுனியை நெருப்பில் காட்டி மொட்டையாக்கிவிட்டு விடுங்கள், வளைந்து கொடுத்துப் போகும். என் காரில் முதல் தடவை செய்தபோது கீழே தேயிலைச் சக்கை மாதிரி ஒரு கறுப்புக் கட்டி வந்து விழுந்தது, அதன் பின்னாலேயே ஒரு மடக்கு நாற்றத் தண்ணீர். அந்தத் தண்ணீர் எத்தனை வருடம் அங்கே நின்றதோ, போன கேள்வியில் சொன்ன தகரம் அரித்ததற்குக் காரணம் அதுதான்.

வருடத்துக்கு இரண்டு தடவை, இலை உதிர்ந்த பிறகு ஒன்று, வசந்தத்தில் ஒன்று, இதைச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை. கம்பளத்தை எடுத்து வெயிலில் காயப் போடாமல் விடாதீர்கள், அடியில் இருக்கும் பஞ்சு ஒரு வாரம் ஆனாலும் தானாகக் காயாது.

இன்னொன்று, பின்கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். குளிரில் அது அப்பளம் மாதிரி ஆகிவிடும், அப்போது மடித்தால் மடிப்பிலேயே விரியும்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் சொட்டுகிறது. பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். செய்யவா?
கவென்ட்ரி வாசகர்

பொறுங்கள், இன்னும் இறக்கச் சொல்லாதீர்கள். பின் சீல் என்பது எஞ்சினின் பின் முனையில் ஆயிலை அடைத்துப் பிடிக்கும் வளையம். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்தில், எஞ்சின் அறையை உட்புறத்திலிருந்து பிரிக்கும் தீச்சுவருக்கு முன்னால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு சென்சார் இருக்கிறது, கேம் ஆங்கிள் சென்சார் என்பார்கள். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம். சூட்டில் அது கல்லாகிவிட்டால் அங்கிருந்து கசியும் ஆயில் ஹெட்டின் முதுகில் வழிந்து, சரியாகக் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் போய்ச் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது பின் சீல் மாதிரியே தெரியும். இந்த ஒரு வளையத்துக்காகக் கியர்பாக்ஸை இறக்கியவர்கள் எத்தனையோ பேர்.

எஞ்சினின் பின்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு அரை மணி நேரம் ஓட்டி வந்து, சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து மேலிருந்து பாருங்கள். சென்சாருக்கு அடியில் ஈரம் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. கழற்றும் முன் சென்சார் எந்த நிலையில் நிற்கிறது என்று ஹெட்டிலும் சென்சாரிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள், ஏனென்றால் அதைத் திருப்பித்தான் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், வைப்பது. கோட்டைப் பொருத்தி மாட்டிவிட்டு டைமிங் லைட்டில் 10 டிகிரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கை நுழைவது கஷ்டமான இடம், முட்டி தோல் உரியும், ஆனால் ஒரு மாலை நேரத்தில் முடியும் வேலை. வால்வ் கவர் கேஸ்கெட்டையும் அப்படியே மாற்றிவிடுங்கள், அதுவும் அதே இடத்தில்தான் வழியும்.

இவை இரண்டும் காய்ந்திருந்தும் சொட்டினால் அப்போது பின் சீலை நம்பலாம். அப்படிக் கியர்பாக்ஸ் இறங்கும் நாளில் கிளட்சையும் சேர்த்தே மாற்றுங்கள், இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டாம்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவருடைய 1993 கார் கராஜில் மூடியபடியே நிற்கிறது. விற்க மனம் வரவில்லை. புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பினால் ஓடுமா ஐயா?
மான்செஸ்டர் வாசகி

அம்மா, தயவுசெய்து சாவியைத் திருப்பாதீர்கள். ஓடினாலும் ஓடும், ஆனால் அந்த முதல் பத்து நொடியில் ஆறு வருடத்தில் ஆகாத கேடு ஆகிவிடும். உங்கள் கடிதத்தில் டாஷ்போர்டு அறையில் அப்பா ஒரு நோட்டு வைத்திருக்கிறார், பில் எல்லாம் ஒட்டியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலை அந்த நோட்டைப் படிப்பது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார் என்று தேடுங்கள். 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது, ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பெல்ட் அறுந்தால் இந்தக் காரின் எஞ்சினில் வால்வு பிஸ்டனில் மோதி உடைவதில்லை, அந்த வகையில் நல்ல எஞ்சின், ஆனாலும் எப்படியும் அதை மாற்றத்தான் போகிறீர்கள், வாட்டர் பம்ப்பும் கூடவே.

இனி வரிசையாகச் சொல்கிறேன், இதை உங்கள் மெக்கானிக்கிடம் அப்படியே காட்டலாம். பழைய பெட்ரோல் முழுவதையும் டாங்கிலிருந்து இறக்க வேண்டும், ஆறு வருடப் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும், அதைப் பம்ப் வழியாக இன்ஜெக்டருக்கு அனுப்பக் கூடாது. பெட்ரோல் ஃபில்டர் புதிது. புதுப் பெட்ரோல் போடும்போது சாதாரண பம்ப்பில் போடாதீர்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் என்றால் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10. மாஸ்டா 2002 முதல் வந்த கார்களுக்குத்தான் அது சரி என்கிறது, நம் காருக்கு ஈ5 என்று எழுதிய சூப்பர் பெட்ரோல்தான்.

எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியபின் ஸ்பார்க் ப்ளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் போல்ட்டில் 21 மிமீ சாக்கெட் மாட்டிக் கையால் கடிகார முள் திசையில் இரண்டு சுற்று. இறுகிப் பிடித்தால் வம்பு பண்ண வேண்டாம், இன்னும் ஒரு நாள் ஊறட்டும். தாராளமாகச் சுற்றினால், அந்தக் கேம் சென்சாரின் வயரைக் கழற்றிவிடுங்கள், அது இல்லாமல் தீப்பொறியும் வராது பெட்ரோலும் பாயாது. இப்போது ப்ளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் விட்டுவிட்டு அடித்தால், அப்பாவின் காரில் இருக்கும் ஆயில் அழுத்த மீட்டர் முள் மெதுவாக எழும்பும். 1993 காரில் அது உண்மையான மீட்டர், 1995 வாக்கில் வெறும் சுவிட்சுக்கு ஆடும் முள்ளாக மாற்றிவிட்டார்கள். முள் எழும்பினால் எல்லா இடத்துக்கும் ஆயில் போய்விட்டது. அதன் பிறகு ப்ளக் மாட்டி, வயரை மாட்டி, சாவி.

முதல் சில நிமிடங்கள் மேலே டிக் டிக் என்று தையல் மெஷின் சத்தம் கேட்கும், பயப்படாதீர்கள், வால்வுக்கு மேல் இருக்கும் ஹைட்ராலிக் லிஃப்டரில் ஆயில் வடிந்து போயிருக்கும், ஓட ஓடப் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பிரேக் வேறு கதை. பின் பிரேக் காலிப்பர் இந்தக் காரில் நிறுத்தி வைத்தாலே பிடித்துக்கொள்ளும், ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியிருந்தால் நிச்சயமாக. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது ஆறு வருடம் கிடந்திருக்கிறது. கிளட்ச் சிலிண்டர் இரண்டும் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம், அவை மலிவு, ஜோடியாக மாற்றுங்கள். டயரில் பட்டன் நன்றாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும், 2312 என்றால் 2012ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. அப்படிப்பட்ட டயரில் மழை ரோட்டில் இந்தக் காரை வளைவில் ஓட்டக் கூடாது, பின்பக்கம் சொல்லாமல் போய்விடும்.

பேட்டரி இந்தக் காரில் டிக்கியில் இருக்கிறது. கடையில் முதலில் நீட்டுவதை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலிருந்து வரும் புகை வெளியே போக ஒரு குழாய் வேண்டும், குழாய் மாட்டும் வசதி உள்ள பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அந்த அமிலப் புகையில் டிக்கித் தகரம் உள்ளிருந்தே அரிக்கும்.

பதிவு இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வண்டிப் பதிவைப் பார்க்கும் அரசாங்க அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு எழுதி மாற்றுங்கள். இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டு, முன்கூட்டியே நேரம் வாங்கிய எம்ஓடிக்குக் காரை ஓட்டிப் போகலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பிரேக்கைப் பிரித்துப் பார்த்த பிறகுதான். இல்லையென்றால் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

விற்க வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது சரி என்றே எனக்கும் படுகிறது. அப்பா பில்லை ஒட்டி வைத்த காரை வேறு யார் இந்த அளவு கவனித்துப் பார்ப்பார்கள்?

டொராண்டோவில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை காரை மூடி வைக்கிறேன். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விடுகிறேன். போதுமா?
ஸ்கார்பரோ வாசகர்

அதை நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடத்தில் எஞ்சின் முழுசாகச் சூடாகாது. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கிவிடும், வாரா வாரம் நீங்கள் அதைச் சேர்த்துக்கொண்டே போகிறீர்கள். ஒன்று நாற்பது நிமிடம் ரோட்டில் ஓட்டுங்கள், உங்கள் ஊரில் ரோட்டில் உப்பு கிடக்கும் என்பதால் அதுவும் முடியாது, இல்லையென்றால் தொடாமல் தூங்க விடுங்கள்.

மூடும் முன் ஆயில் மாற்றுங்கள், பழைய ஆயிலில் இருக்கும் அமிலத்தோடு ஆறு மாதம் கிடக்க வேண்டாம். டாங்கை நிரப்புங்கள். கூலன்ட் அங்கத்தைய குளிருக்குத் தாங்குமா என்று சோதித்து விடுங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பேட்டரிக்குத் தானாக நின்று நின்று ஏற்றும் சார்ஜர். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும், காற்றுப் போகும் துணி உறை போதும். கூரையை மூடிய நிலையில் இழுத்து மாட்டியே வையுங்கள், மடித்து வைத்தால் சுருங்கிவிடும்.

உங்கள் ஊர்க் காருக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் நன்றாக வெயில் அடிக்கிற வாரம் பார்த்து, அடிப்பாகத்தைக் கழுவிக் காய வைத்து, கதவடிப் பெட்டிக்குள்ளே நீளமான குழாய் நுனி உள்ள டப்பாவால் மெழுகு அடியுங்கள். அந்தத் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்த பிறகுதான் இது, ஈரத்தின் மேல் மெழுகு அடித்தால் ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி. வெளியில் தார் மாதிரி கறுப்பாக அடிப்பார்களே, துருவின் மேல் அதை அடித்தால் மறைக்கத்தான் செய்யும்.

அதிகப் புகை விடும் பழைய வண்டிகளுக்கு லண்டனில் போடும் யூலெஸ் கட்டணத்தால் என் 1991 காரை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
க்ராய்டன் வாசகர்

முதலில் உங்கள் வண்டி எண்ணை லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் போட்டுப் பாருங்கள். இந்த வயதுக் கார்களுக்குப் பெரும்பாலும் கட்ட வேண்டும் என்றுதான் வரும். 2023 ஆகஸ்ட் 29 முதல் க்ராய்டன் உள்பட லண்டன் முழுவதும் அந்த எல்லைக்குள், ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட். நீங்கள் மாதத்தில் இரண்டு ஞாயிறு எடுக்கிறீர்கள் என்று வைத்தால் வருடத்துக்கு 300 பவுண்ட். தினமும் வேலைக்கு இதில்தான் போகிறீர்கள் என்றால் தாங்காது, அது உண்மை. ஞாயிறு மட்டும் என்றால் இந்தக் காரை வைத்திருக்கும் செலவில் இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். 40 வயதானால் வரலாற்று வாகனம் என்று பதிவை மாற்றி, சாலை வரியும் இந்தக் கட்டணமும் இல்லாமல் ஓட்டலாம். உங்கள் 1991 காருக்கு அதற்கு இன்னும் சில வருடம் இருக்கிறது, அதுவரை தகரத்தைக் காப்பாற்றுங்கள்.

இன்ஷூரன்ஸில் "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்று ஒரு வகை உண்டு, கேட்டு வாங்குங்கள். படம், பில் எல்லாம் காட்டி முன்கூட்டியே விலை பேசி எழுதி வைப்பது. இல்லையென்றால் எங்காவது சின்னதாக இடித்துவிட்டால்கூட முப்பது வருடக் கார்தானே என்று கணக்கை முடித்துவிடுவார்கள்.

1990 காருக்கு டர்போ போடலாம் என்று இருக்கிறேன். எந்தக் கிட் நல்லது?
ஸ்லோ வாசகர்

கிட்டுக்கு முன்னால் போனெட்டைத் திறந்து கீழே கிராங்க் புல்லியைப் பாருங்கள். அதன் முகத்தில் நாலு வெட்டு இருந்தால் உங்களுடையது ஆரம்ப கால கிராங்க், அதன் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன் நுனி, குட்டை. 1991 நடுவில் மாஸ்டா அதை மாற்றிப் பெரிதாக்கியது, அந்தப் புல்லியில் எட்டு வெட்டு. குட்டை மூக்கில் போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும், நழுவாமல் பூட்டி வைக்கும் சாவித் தகடு ஆடி ஆடி அதன் பள்ளத்தைத் தின்றுவிடும். எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடுகிறதா என்று ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். டைமிங் பெல்ட் மாற்றும்போது இந்த போல்ட்டைப் பழசையே மாட்டாமல் புதிதாகப் போட்டு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் மாஸ்டா கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள், கைப்பழக்கத்தில் இறுக்குவதில்தான் பாதிப் பிரச்சினை. அந்த கிராங்க்கோடு டர்போ வேண்டவே வேண்டாம்.

பொதுவாகவும் எனக்கு டர்போவில் விருப்பம் இல்லை, சொல்லிவிடுகிறேன். இந்தக் கார் 115 குதிரைத் திறனில்தான் அழகு. 50 மைல் வேகத்தில் ஒரு கிராமத்து ரோட்டில் மூன்றாம் கியரில் வளைந்து போகும்போது கிடைப்பதை டர்போ கூட்டித் தராது. அந்தப் பணத்தில் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் முழு செட்டும் புதிதாகப் போட்டு, வீல் அலைன்மென்ட் நன்றாக அளந்து வைத்துப் பாருங்கள், முப்பது வருட ரப்பரோடு நீங்கள் இதுவரை ஓட்டியது வேறு கார் என்றே தோன்றும். கியர் இறுக்கமாக விழுகிறது என்று எழுதியிருந்தீர்களே, கியர் லீவருக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் பை கிழிந்திருக்கும், காலடியில் சூடு வருவதும் அதனால்தான். அதை மாற்றி, லீவர் உட்காரும் குழியில் கொஞ்சம் கியர் ஆயில் விடுங்கள், அந்தக் குழிக்கு ஆயில் தனி. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி விழும்.

அப்பா தாம்பரத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருந்தார். நான் பர்மிங்காமில் இருக்கிறேன், ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் விலைக்கு வந்திருக்கிறது. எம்எக்ஸ்-5 வாங்குவதா, அதையா?
பர்மிங்காம் வாசகர்

இந்தக் கேள்வியைப் படித்து எழுந்து நின்றுவிட்டேன். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் 1961 முதல் செய்த ஹெரால்டும், உங்களுக்குப் பக்கத்தில் கவென்ட்ரியில் 1962 முதல் 1980 வரை செய்த ஸ்பிட்ஃபயரும் ஒரே ரத்தம். ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக வெட்டித்தான் ஸ்பிட்ஃபயர் பிறந்தது, இரண்டின் உருவமும் இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்தது. போனெட் முழுசும் முன்னால் சாய்ந்து திறக்கிறதே, சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை செய்யலாம்.

தினமும் சாவி போட்டால் ஓட வேண்டும் என்றால் எம்எக்ஸ்-5. கையில் கிரீஸ் ஆவது பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதோடு இருப்பேன் என்றால் ஸ்பிட்ஃபயர் வாங்குங்கள், உதிரிபாகம் பிரிட்டனில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒன்றே ஒன்று மறக்காதீர்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால், திரும்பும் தண்டின் அடியில் ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலக் கட்டை, அதற்குள் இரும்புத் தண்டு திருகாணி மாதிரி இறங்கியிருக்கும். அதற்குப் போக வேண்டியது கிரீஸ் இல்லை, ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் மரை வழியே கீழே இறங்காது, தண்ணீர் இறங்கும், துரு பிடித்துத் தண்டு உடைந்து சக்கரம் பக்கத்தில் மடிந்து விழும், பெரும்பாலும் நிறுத்தும் இடத்தில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது. வருடத்துக்கு இரண்டு தடவை, கீழே சொட்டும் வரை ஆயில் ஏற்றுங்கள். அப்பாவின் ஹெரால்டிலும் இதே கட்டைதான்.

சட்டம் தனியாக இருக்கிறதே, கதவடித் தகரம் போனால் என்ன என்று ஸ்பிட்ஃபயர்காரர்கள் சிலர் சொல்வார்கள். ஹெரால்டில் அது சரி. ஸ்பிட்ஃபயரில் அந்தத் தகரமும் பலத்துக்குத்தான் இருக்கிறது, அதனால் காந்தத்தை அங்கேயும் எடுத்துப் போங்கள்.

பழைய பாகம் இன்னும் எத்தனை நாள் கிடைக்கும்?
ரெடிங் வாசகர்

மற்ற பழைய கார்களோடு ஒப்பிட்டால் நமக்குக் கவலை குறைவு. முதல் தலைமுறை மட்டுமே நாலு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 2017இல் மாஸ்டாவே ஜப்பானில் இந்தக் காரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது, அதற்காகத் துணிக் கூரை, மர ஸ்டியரிங், கியர் குமிழ் போன்றவற்றை மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள், பிரிட்ஜ்ஸ்டோன் 185/60 14 அங்குல டயரைக்கூடப் பழைய வடிவிலேயே கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்தான் எனக்குக் கவலை, வெயிலில் உடைந்த சின்னச் சின்ன மூடிகள், கிளிப்புகள். பிரித்து விற்கும் கார் ஒன்றைப் பார்த்தால் முதலில் அவற்றைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அது வெடிக்கப் போகிறது என்று அர்த்தம், இந்த மாதமே மாற்றுங்கள்.

ஒரு பக்க விளக்கு மட்டும் எழும்பி நின்றுவிட்டது, இறங்க மாட்டேன் என்கிறது. நாளை வெளியே போக வேண்டும்!
வெம்ப்ளி வாசகர்

போனெட்டைத் திறங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள், மோட்டார் திடீரென்று சுற்றினால் விரல் போகும். அந்த விளக்கின் மோட்டார் மேல் ஒரு ரப்பர் தொப்பி இருக்கும், அதை உரித்தால் ஒரு குமிழ். கையால் திருகிக்கொண்டே இருங்கள், நிறைய சுற்ற வேண்டும், விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆனால் நாளை திரும்பி வர இருட்டிவிடும் என்றால் இறக்காதீர்கள், மற்றதையும் எழுப்பி நிறுத்திவிட்டு அப்படியே போய் வாருங்கள்.